வாய் மட்டும் அசைந்தால் போதும்

பாடாமலே பாடுவது எப்படி என்று என் மகளுக்கு அவள் பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்போது அவள் மூன்றாம் வகுப்பு. ஆண்டு விழாவுக்கு ஒத்திகை ஆரம்பித்திருந்தார்கள். ஒரு நாள் சாயங்காலம் வேனிலிருந்து இறங்கி வந்தவள், ஷூவை ஒரு மூலையிலும் பையை ஒரு மூலையிலும் கழற்றிப் போட்டுவிட்டு, சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"ம்மா, நான் பாட வேணாமாம். வாய் மட்டும் அசைச்சா போதுமாம்."

"யாருடி சொன்னது?"

"மியூசிக் மிஸ். என் வாய்ஸ் தனியா கேக்குதாம். ட்ராக்ல பாடுற அக்கா வாய்ஸோட மேட்ச் ஆகலையாம்."

விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. விழாவை நடத்த வெளியிலிருந்து ஒரு கம்பெனியைப் பிடித்திருந்தார்கள். அவர்கள் பாட்டை எங்கேயோ ஒரு ஸ்டூடியோவில், யார் வீட்டுப் பிள்ளைகளையோ வைத்துப் பதிவு செய்து கொண்டுவந்துவிட்டார்கள். விழா அன்று அதை ஸ்பீக்கரில் ஓட விடுவார்கள். மேடையில் நிற்கும் எங்கள் பிள்ளைகள் ஜிகினா உடை போட்டுக்கொண்டு அதற்கு வாயசைக்க வேண்டும். முதல் இரண்டு ஒத்திகைகளில் எல்லாப் பிள்ளைகளும் கூடவே பாடியிருக்கின்றன. என் மகளுக்கு என்னைப் போலவே கட்டைக் குரல். அது தனியாகத் தெரிந்ததும் மிஸ் அவளிடம் வந்து உதட்டில் விரலை வைத்துக் காட்டியிருக்கிறார். மறுநாள் அதையே எல்லோருக்கும் சட்டமாக்கிவிட்டார்கள். அந்த மிஸ்ஸைச் சொல்லியும் பிரயோஜனமில்லை. நன்றாகப் பாடக்கூடிய பெண். அவரையே ஒத்திகையில் லேப்டாப்பில் பட்டனைத் தட்டுகிற வேலைக்கு உட்கார வைத்துவிட்டார்கள்.

பள்ளி வாசலில் ஒரு பெரிய பேனர் தொங்கியது. அந்த வருஷத்து விழாவின் தலைப்பு: 'நமது பண்பாடு, நமது குரல்'. மேலே ஆங்கிலத்தில், கீழே கன்னடத்தில். இதை எழுதிய புண்ணியவானுக்கு எழுதும்போதே சிரிப்பு வந்திருக்காதா என்று ஒவ்வொரு நாளும் அந்த வழியாகப் போகும்போது யோசிப்பேன்.

எனக்கு ஏன் இத்தனை கோபம் என்று சொல்ல வேண்டுமானால் எங்கள் சர்ச் குவாயரை, அதாவது பாடகர் குழுவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாங்கள் இந்தக் கன்னட ஊரில், ரிச்சர்ட்ஸ் டவுனில் பல காலமாக இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். சனிக்கிழமை சாயங்காலம் என்றால் குவாயர் பிராக்டிஸ், அதில் பேச்சுக்கே இடமில்லை. பத்து வயதில் என்னை ஆல்ட்டோ என்கிற கீழ்க்குரல் வரிசையில் நிறுத்தினார்கள். மெட்டை சோப்ரானோக்காரிகள் ஜம்மென்று பாடிக்கொண்டு போவார்கள். நாங்கள் கொஞ்சம் கீழே, வேறொரு வரியை, அவர்களுக்கு முட்டுக் கொடுக்கிற மாதிரி பாட வேண்டும். ஆல்ட்டோ வரியை முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போனவர்கள் உலகத்தில் யாரும் இல்லை. ஆனால் அது இல்லாவிட்டால் பாட்டு மொட்டையாக இருக்கும்.

எங்கள் குவாயரில் ஒரு வழக்கம் உண்டு. பாடும்போது தப்பு வந்துவிட்டால் பாட்டை நிறுத்தக்கூடாது, கையை மட்டும் தூக்க வேண்டும். 'நான்தான், தெரிந்துவிட்டது, அடுத்த முறை சரியாகப் பாடுகிறேன்' என்று அதற்கு அர்த்தம். கை தூக்கியவரை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், திட்டவும் மாட்டார்கள். பெரிய டாக்டரும் தூக்குவார், காலேஜ் பையனும் தூக்குவான். பியானோ வாசிக்கிறவருக்கு மட்டும் இரண்டு கையும் வேலையாக இருப்பதால் முகவாயைத் தூக்குவார். இதை யார் ஆரம்பித்து வைத்தார்கள் என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

பள்ளிக்கூடத்தில் நான் படு சுமார். கணக்கு தப்பாக வந்தால் இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதுகிற ரகம். டீச்சர் பக்கத்தில் வந்தால் அழிரப்பரைத் தேடுவேன். அப்படிப்பட்டவளுக்கு, தப்பு செய்தால் அதை மறைக்க வேண்டியதில்லை, கையைத் தூக்கிவிட்டுத் தொடர்ந்து பாடலாம் என்று சனிக்கிழமைதோறும் தெரியவந்தது. அது கொஞ்சம் கொஞ்சமாகத் திங்கட்கிழமைக்கும் வந்து சேர்ந்தது. வகுப்பில் புரியாததைக் கேட்க ஆரம்பித்தேன். கணக்கில் பாஸானேன். பக்கத்தில் நிற்பவள் என்ன பாடுகிறாள் என்று காது கொடுத்துக் கேட்டால்தான் என் வரி சரியாக வரும் என்பதும் அங்கே கற்றதுதான். இன்றைக்கு ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் க்ளெய்ம் பார்க்கிறேன். ஒரு மீட்டிங்கில், யாரோ ஒரு நோயாளியின் பேப்பரைத் தப்பாக நிராகரித்துவிட்டார்கள் என்று பேச்சு வந்தபோது, அது நான்தான் என்று எனக்கு உறைத்ததும் கை தானாகவே மேலே போய்விட்டது. எல்லோரும் சிரித்தார்கள். அந்த நோயாளிக்கு அன்றைக்கே சரிசெய்து கொடுத்தோம்.

என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோதிலிருந்து குவாயர் பெஞ்சில் தவழ்ந்தவள். பெரியவர்கள் கை தூக்குவதைப் பார்த்து அவளுக்கு ஒரே குஷி. அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். குழம்பில் உப்பு கூடிவிட்டால் நான் கை தூக்க வேண்டும். பால் வாங்க மறந்துவிட்டு வந்தால் அவள் அப்பா வாசற்படியிலேயே கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார். அவளும் எதையாவது கொட்டினால், உடைத்தால், நாங்கள் பார்ப்பதற்கு முன்பே கையைத் தூக்கியிருப்பாள். எங்கள் வீட்டில் சண்டை குறைவு என்றால் அதற்கு அதுதான் காரணம்.

ஒத்திகை தொடங்கிய பிறகு அந்தக் கை தூக்கலும் குறைந்தது. முதலில் நான் கவனிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவள் என் பக்கத்தில் நின்றாள். பாட்டு போய்க்கொண்டிருந்தது. எனக்கு வலது காதில் என்னவோ குறைந்தது. குனிந்து பார்த்தேன். வாய் அழகாகத் திறந்து மூடுகிறது, ஒவ்வொரு சொல்லுக்கும் உதடு சரியாகக் குவிகிறது, முகத்தில் நல்ல புன்னகை. சத்தம் மட்டும் இல்லை. கர்த்தரையே ஏமாற்றப் பழக்கிவிட்டார்களே பாவிகள் என்றுதான் முதலில் தோன்றியது.

அதற்கடுத்த வாரம் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னேன். ஏழாம் வாய்ப்பாடு. மூன்றாவது வரியிலேயே நின்றுவிட்டாள்.

"கிளாஸ்ல தினமும் சொல்றீங்களே, அப்புறம் என்ன?"

"எல்லாரும் சேந்து சொல்வாங்கம்மா. நான் வாய் அசைப்பேன்."

"மிஸ் பாக்க மாட்டாங்களா?"

"பாப்பாங்க. குட் சொல்வாங்க."

இதை அவள் ஒளிக்காமல், பெருமையாகவே சொன்னாள். வாய்ப்பாட்டுக்கு அசைப்பாளாம், கன்னடப் பாடம் வாசிக்கும்போது அசைப்பாளாம், காலையில் பிரார்த்தனைக்கும் அசைப்பாளாம். அவள் மட்டுமல்ல, பின் வரிசையில் பாதிப் பேர் அப்படித்தானாம். சத்தமே வராத வாயில் தப்பு எப்படி வரும்? தப்பே வராதவள் எதற்குக் கை தூக்க வேண்டும்? அன்றைக்கு எனக்குத் தோசைக் கரண்டியைத் தூக்கி எறிய வேண்டும் போல் இருந்தது. என் பிள்ளைக்குப் பாட்டு வராமல் போனால்கூடப் பரவாயில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி நடித்துக்கொண்டே ஒருத்தி பெரியவளாகிவிடுவாளோ என்று பயந்துபோனேன்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் பிரின்சிபாலைப் பார்க்கப் போனேன். அவர் ரொம்ப மரியாதையாகக் காப்பி கொடுத்தார். நான் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டார். தலையாட்டலும் ஒரு வாயசைப்புதான் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

"மேடம், பேரன்ட்ஸ் எல்லாரும் வீடியோ எடுக்கறாங்க. குழந்தைங்க லைவ்வா பாடினா ஸ்ருதி சேராது, நல்லா இருக்காது. இப்படிப் பண்ணா எல்லாக் குழந்தையும் ஸ்டேஜ்ல இருக்கலாம். பாட வராத குழந்தைகூட."

"பாட வர்ற குழந்தையும் பாடக்கூடாதுன்னா, இதுல எல்லாரும் எங்க சார் இருக்காங்க? வாய்தான் இருக்கு."

"நாங்க ஆர்ட்ஸுக்கு எவ்ளோ முக்கியத்துவம் கொடுக்கறோம் தெரியுமா? கல்ச்சர் இல்லாம எஜுகேஷனே இல்ல மேடம்."

"அதைத்தான் சார் நானும் சொல்றேன். நீங்க சொல்லிக்கொடுக்கிற கல்ச்சர் நல்லாவே ஏறியிருக்கு. என் பொண்ணு வாய்ப்பாட்டுக்கும் வாய்தான் அசைக்கிறா."

அவர் சிரித்தார். பிறகு இந்த ஊரில் எல்லா அநியாயத்துக்கும் கடைசியில் வந்து சேரும் அந்த வாக்கியத்தைச் சொன்னார். "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, மேடம்." கொஞ்சம் அனுசரித்துப் போங்கள். ஆட்டோக்காரர் மூன்று பேர் உட்காரும் இடத்தில் ஐந்தாவது ஆளை ஏற்றும்போது சொன்னால் நானும் நகர்ந்து உட்காருவேன். இங்கே எதை நகர்த்தச் சொல்கிறார் என்று கன்னடத்திலேயே கேட்டுவிட்டு எழுந்து வந்தேன். காப்பியைக் குடிக்கவில்லை.

இதில் இன்னொரு கூத்து இருக்கிறது. அந்த விழாவுக்கு மைக் செட் போடுவது என் வீட்டுக்காரர். ஈஜிபுராவில் சின்னதாக ஒரு குடோன் வைத்து, கல்யாணம், சாவு, திருவிழா, கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் ஸ்பீக்கர் அனுப்புகிறவர். அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"ஸ்டேஜ்ல பசங்க முன்னாடி மைக் வைப்பீங்கல்ல? அதுல சத்தம் வருமா?"

"எங்க வருது? அது சும்மா ஷோவுக்கு. ஒயரே குடுக்கறதில்ல."

"அப்ப மைக்கும் பொய்யா?"

"இன்னாம்மா நீ, ஏதோ நான் கண்டுபுடிச்ச மாதிரி பேசற? எல்லா ஸ்கூல்லயும் இதான் நடக்குது. பெரிய பெரிய கச்சேரியிலயே இதான் நடக்குது."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னை இன்னும் எரிச்சல்படுத்தியது. அதற்குப் பிறகு ஒரு நாள் மகள் குளித்துக்கொண்டிருந்தபோது கதவுக்குப் பின்னாலிருந்து பாட்டு வந்தது. விழாவுக்கான அதே பாட்டு. அதில் மொழிக்கொரு சரணமாக நாலு சரணம். அவள் கன்னடச் சரணத்தைப் பாடினாள். கட்டைக் குரல், சுருதி அப்படியே நிற்கிறது, ஓரிடத்தில் வழுக்கிவிட்டுத் திரும்பப் பிடித்துக்கொள்கிறது. நான் கையில் துண்டோடு சுவரில் சாய்ந்து நின்றுவிட்டேன். என் வீட்டுக்காரரும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தார். இரண்டு பேரும் திருடர்கள் மாதிரி குளியலறைக்கு வெளியே நின்று எங்கள் பிள்ளையின் குரலை ஒட்டுக் கேட்டோம்.

அன்றைக்குத்தான் கேட்டேன். "கன்னடச் சரணத்துக்கு மட்டும் ட்ராக்கைக் குறைச்சிடுங்க. மைக்குக்கு ஒயர் குடுத்துடுங்க. அந்தச் சரணம் எல்லாப் பிள்ளைங்களுக்கும் வாயில வரும். சத்தம் நின்னா அதுங்களே பாடிடும். இவ கண்டிப்பா பாடுவா."

"ஸ்கூல்காரங்க அடுத்த வருஷம் கூப்புட மாட்டாங்க."

"கூப்பிடாட்டிப் போகட்டும்."

அவர் மடித்து வைத்த பேப்பரை மறுபடி விரித்துக்கொண்டார். மகளிடம் நாங்கள் எதையும் சொல்லவில்லை. சொன்னால் பயந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

விழா அன்று ஹாலில் கூட்டம் நெரிந்தது. எல்லார் கையிலும் போன். முதலில் சிறப்பு விருந்தினர், கலைதான் மனிதனை மனிதனாக்குகிறது என்று நெடுநேரம் பேசினார். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் கொட்டாவி விட்டார். பிறகு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மேடையேறின. என் மகள் இரண்டாம் வரிசையில், ஓரத்தில். தலையில் காகிதப் பூ. ஒரு பக்கத் திரைக்கு அருகே மியூசிக் மிஸ் நின்று, பிள்ளைகள் எல்லோரும் பார்க்கும்படி வாயைப் பெரிதாகத் திறந்து மூடிக் காட்டிக்கொண்டிருந்தார். ஹாலின் பின்புறம், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் போர்டுக்கு முன்னால் என் வீட்டுக்காரர். திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

ட்ராக் ஆரம்பித்தது. ஸ்டூடியோப் பிள்ளைகள் கணீரென்று பாடின. எங்கள் பிள்ளைகள் கையை ஆட்டி, இடுப்பை ஆட்டி, வாயை அசைத்தன. முதல் சரணம் முடிந்தது. கன்னடச் சரணம் தொடங்கி ஒரு வரி போனதும் பாட்டின் சத்தம் கீழே இறங்கியது, இறங்கி, நின்றேபோனது.

நான் காத்திருந்தேன்.

யாரும் பாடவில்லை. ஆனால் யாரும் நிறுத்தவும் இல்லை. மேடை நிறையப் பிள்ளைகள், ஒரே நேரத்தில் வாயைத் திறந்தன, ஒரே நேரத்தில் மூடின. கை ஆடியது, இடுப்பு ஆடியது, புன்னகை அப்படியே இருந்தது. இப்போது மைக்குக்கு ஒயர் இருந்ததால், பிள்ளைகளின் கால் சலங்கையும் யாரோ ஒரு குழந்தை மூக்கை உறிஞ்சுவதும் ஹால் முழுக்கக் கேட்டது. பாட்டு நின்றுபோனது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. பாட்டு அவர்களுடைய வேலையே இல்லை என்று அத்தனை நன்றாகப் பழக்கியிருந்தார்கள். எழுந்து கத்தியிருப்பேன். பெற்றோர்கள் போனைக் கீழே இறக்கவில்லை, எடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

அப்போது இரண்டாம் வரிசை ஓரத்தில் ஒரு கை மேலே போனது.

என் மகளின் கை. வாய் அசைவதை நிறுத்தியிருந்தாள். முகத்தில் புன்னகை இல்லை. வளையல் முழங்கை வரை சரிய, கையை நேராகத் தூக்கிக்கொண்டு நின்றாள். மியூசிக் மிஸ் திரைக்கு அருகிலிருந்து 'இறக்கு, இறக்கு' என்று சைகை செய்தார். அவள் இறக்கவில்லை. என் வீட்டுக்காரருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை போலிருக்கிறது, ட்ராக்கை மறுபடி ஏற்றிவிட்டார். ஸ்டூடியோப் பிள்ளைகள் வந்து மிச்சப் பாட்டைப் பாடி முடித்தன. கைதட்டல் பலமாக இருந்தது. தொகுப்பாளினி மைக்கைப் பிடித்து, சின்ன டெக்னிக்கல் ப்ராப்ளம், மன்னிக்கவும் என்றார். அந்த விழாவில் நிஜமாக நடந்தது அது ஒன்றுதான், அதற்குப் போய் மன்னிப்புக் கேட்டார்கள்.

வீட்டுக்குப் போகும்போது ஸ்பீக்கர் ஏற்றிய வண்டியில் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். அல்சூர் சிக்னலில் வண்டி நின்றது.

"ஏன்டி கை தூக்கினே?"

"தப்பு வந்தா தூக்கணும்னு நீதானே சொன்னே?"

"நீ ஒண்ணும் தப்பா பாடலையே."

"பாடவே இல்லம்மா. பாட்டு நின்னுடுச்சி, எனக்குப் பாட வரல. வாய் மட்டும் போய்ட்டே இருந்துச்சி."

ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து அவள் அப்பாவும் மேலே தூக்கினார். நானும் தூக்கினேன். சிக்னலில் பக்கத்தில் பைக்கில் நின்றவர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்.

அடுத்த வாரம் பெற்றோர் குரூப்பில் பள்ளிக்கூடம் வீடியோவை அனுப்பியது. பார்த்தேன். அந்த மௌனத்தைக் காணோம். அதன் மேல் ட்ராக்கை ஒட்டிவிட்டார்கள். கன்னடச் சரணம் ஒரு பிசிறில்லாமல் ஒலிக்கிறது, எல்லா வாயும் அதற்குப் பொருத்தமாக அசைகிறது, யார் பார்த்தாலும் பிள்ளைகள் என்னமாய்ப் பாடுகின்றன என்றுதான் சொல்வார்கள். குரூப் முழுக்க இதயமும் கைகூப்பலுமாக எமோஜிகள் குவிந்தன. ஆனால் இரண்டாம் வரிசை ஓரத்தில் ஒரு சின்னக் கை மேலே நிற்கிறது. எதற்கு நிற்கிறது என்று வீடியோவைப் பார்த்தால் தெரியாது. அதை மட்டும் அவர்களால் அழிக்க முடியவில்லை.

கொஞ்ச நேரத்தில் வகுப்பு மிஸ்ஸிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு மெசேஜ் வந்தது. ஸ்டேஜில் உங்கள் மகள் கை தூக்கியது பற்றி, டிசிப்ளின் விஷயமாகப் பேச வேண்டும், நாளைக்கு வர முடியுமா என்று கேட்டிருந்தார். பற்களைக் கடித்துக்கொண்டு அதற்குப் பதில் யோசித்துக்கொண்டிருந்தேன். உள் அறையில் மகள் தனியாக உட்கார்ந்து ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தாள். சத்தமாக, கட்டைக் குரலில்.

"செவன் எய்ட்ஸ் ஆர் ஃபிஃப்டி ஃபோர்."

தப்பு. எட்டிப் பார்த்தேன். அந்த அறையில் அவளைத் தவிர யாரும் இல்லை. கை மேலே இருந்தது.

வருகிறேன் என்று மிஸ்ஸுக்கு எழுதினேன்.